பிடித்த பணம் கட்டப்படவில்லை: வணிக வளாகத் துப்புரவுப் பணியாளர்கள் 23 பேர் பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் மாநகரம் ஒன்றில், தனியார் வணிக வளாகம் ஒன்றில் ஒப்பந்த முறையில் துப்புரவு வேலை பார்த்த 23 பெண்களைப் பற்றிய பதிவு இது. அவர்கள் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா பிடித்தார்கள். பத்து மாதம் அந்தப் பணம் கட்ட வேண்டிய இடத்தில் கட்டப்படவில்லை. ஒருவர் நோயில் விழுந்த பிறகே அது வெளியே தெரிந்தது. பதிவு 2022 ஜூன் முதல் 2024 ஜூன் வரையிலான காலத்தைச் சேர்ந்தது. ஆட்கள், நிறுவனங்கள், ஊர் எவையும் அடையாளம் தெரியும்படி எழுதப்படவில்லை. அப்போது பழைய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றால் எது மாறுகிறது என்பது கடைசிப் பகுதியில் வருகிறது.

பின்னணி

வளாகம் நான்கு மாடி. காலை ஆறு மணிக்கு ஒரு ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஷிப்ட். துப்புரவுக்கு 23 பெண்கள், வேறொரு நிறுவனத்தின் வழியாக 14 காவலாளிகள். பினாயில், மாப்பு, வாளி எல்லாம் வளாக நிர்வாகம் வாங்கித் தரும். வருகைப் பதிவுக் கருவியும் நிர்வாகத்துடையது. எந்த மாடியை எப்போது துடைப்பது என்று சொல்வதும் நிர்வாகத்தின் மேலாளர்தான். சம்பளம் மட்டும் காண்ட்ராக்டர் கையில்.

2022 ஜூனில் வந்தவர் மூன்றாவது காண்ட்ராக்டர். இந்த ஆய்வின் மையத்தில் இருக்கும் 43 வயதுப் பெண் அதே கட்டடத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்த்தவர். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய அடையாள அட்டை, புதிய சேர்க்கைத் தேதி. எந்த ஒருவரிடமும் ஐந்து ஆண்டு முடியாததால் பணிக்கொடை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

சொன்ன சம்பளம் மாதம் ₹10,000. அதில் பி.எஃப். 12 விழுக்காடு ₹1,200, ஈ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு ₹75, சீருடைக்கு ₹100. வங்கிக் கணக்கில் ஏறியது ₹8,625. சம்பளச் சீட்டு யாருக்கும் தரப்படவில்லை. என்ன பிடித்தார்கள் என்பது சூப்பர்வைசர் வாயால் சொன்ன கணக்கு மட்டுமே.

அந்தப் பெண்ணின் கணவர் பெயிண்டர். மாதம் பதினைந்து, பதினெட்டு நாள் வேலை. மழைக்காலத்தில் அதுவும் குறையும். வீட்டு வாடகை ₹4,000. மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடனுக்கு வாரம் ₹650. பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவு இல்லை; அந்தத் திட்டம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு மாதக் கடைசிவரை தாங்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கவில்லை. அப்போது அதற்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு ₹1,20,000. இவருடைய சம்பளம் மட்டுமே தாளில் அந்தத் தொகையைத் தொடுகிறது. கணவர் கூலியைச் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்ற நம்பிக்கையும் இருந்தது.

2023 ஆகஸ்ட்: நோயும் கடனும்

கர்ப்பப்பைக் கட்டியால் பல மாதம் இரத்தப்போக்கு. விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும் என்று தள்ளிப்போட்டு வந்தார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வேலை நேரத்தில் மயங்கி விழுந்தார். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவர் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது கணினியில் தகுதி இல்லை என்று வந்தது. சூப்பர்வைசருக்குப் போன் செய்தால், “ரெண்டு நாள்ல ஏறிடும்க்கா, சர்வர் பிரச்சினை” என்று பதில்.

அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றி, அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி இரத்தப்போக்கு. குடும்பத்தார் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். கர்ப்பப்பை நீக்கப்பட்டது. செலவு ₹52,000.

அந்தப் பணம் மூன்று வழிகளில் திரட்டப்பட்டது. நகையை அடகு வைத்து ₹15,000. ₹25,000 ஏலச்சீட்டை ₹5,000 தள்ளி எடுத்து ₹20,000. மீதி ₹17,000 தண்டலில். தண்டல் என்பது ₹10,000 எழுதி, முன்வட்டியாக ₹1,500 பிடித்துக்கொண்டு ₹8,500 கையில் கொடுத்து, நாளுக்கு ₹100 வீதம் நூறு நாள் வசூலிப்பது. இவர் இரண்டு தண்டல் எடுத்தார். நாள்தோறும் அசலும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகக் கையில் நிற்கும் தொகை பாதிதான். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் நூறு விழுக்காட்டைத் தாண்டும். அதீத வட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இரவு எட்டு மணிக்கு நர்சிங் ஹோம் வாசலில் முன்பணம் கேட்கும்போது பணத்தோடு வருகிறவர் தண்டல்காரர் ஒருவர்தான். அவர்மேல் யாரும் புகார் எழுத மாட்டார்கள்.

ஆறு வாரம் ஓய்வு. சம்பள இழப்பு ஏறத்தாழ ₹12,900. அதே நாட்களில் தண்டலுக்கு நாளுக்கு ₹200 போக வேண்டும்.

2023 செப்டம்பர்: பதிவுகளைப் பார்த்ததில் தெரிந்தவை

உடன் வேலை பார்த்தவர் மூலம் செய்தி ஒரு தொழிற்சங்கத்தின் உதவி மையத்துக்கு வந்தது. முதல் வேலையாக 23 பேரின் கணக்குகளையும் தனித்தனியே பார்த்தார்கள். இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. தாமதத்துக்கான காரணம் பதிவு செய்யத் தகுந்தது. பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்க யு.ஏ.என். எண்ணும் (பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் நிரந்தர எண்) ஆதாரோடு இணைந்த செல்போன் எண்ணும் வேண்டும். நால்வர் கணக்கில் பதிவாகியிருந்தது சூப்பர்வைசரின் எண். ரகசிய எண் அவர் போனுக்குத்தான் போகும். இருவருக்குக் காண்ட்ராக்டர் மாறியபோது இரண்டாவது யு.ஏ.என். உருவாகியிருந்தது. ஒருவர் பெயர் ஆதாரில் இனிஷியலோடும் பி.எஃப்.-இல் கணவர் பெயரோடும் இருந்தது. பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்குப் பதிவான எண்ணிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். அது போதுமானதாக இருந்தது.

எல்லாக் கணக்கிலும் 2022 ஜூன் முதல் நவம்பர் வரை பணம் ஏறியிருந்தது. டிசம்பரிலிருந்து ஒன்றும் இல்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், மருத்துவமனைக் கணினி சொன்னதன் கணக்கு புரிகிறது. ஈ.எஸ்.ஐ.யில் அக்டோபர் முதல் மார்ச் வரையான சந்தாக் காலத்துக்கு ஈடான பயன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்தப் பயன் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை பெற, முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா இருக்க வேண்டும். இவர் கணக்கில் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் சேர்த்து 52 நாள். ஒரே ஒரு மாதம், 26 நாள், கூடுதலாகக் கட்டியிருந்தால் தகுதி வந்திருக்கும். அவர் ஆறு மாதமும் வேலை பார்த்தார், ஆறு மாதமும் அவரிடமிருந்து பணம் பிடிக்கப்பட்டது.

மொத்தத் தொகை இப்படி வருகிறது. ஒருவருக்குத் தொழிலாளி பங்கு ₹1,275. முதலாளி பங்கு பி.எஃப். ₹1,200, ஈ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு ₹325, ஆக ₹1,525. நிர்வாகக் கட்டணம் தவிர ஆளுக்கு ₹2,800. 23 பேருக்கு மாதம் ₹64,400. டிசம்பர் முதல் செப்டம்பர் வரை பத்து மாதத்துக்கு ₹6,44,000. இதில் பெண்களின் சொந்தப் பணம் ₹2,93,250.

வளாக நிர்வாகத்துக்கு இது எப்படித் தெரியாமல் போனது? காண்ட்ராக்டர் ஒவ்வொரு மாத பில்லோடும் பி.எஃப். செலான் (பணம் கட்டியதற்கான சீட்டு) நகல் இணைத்திருந்தார். செலான் உண்மையானதுதான். ஆனால் அது அவருடைய வேறொரு தளத்து ஆட்களுக்குக் கட்டியது. ஒரு காண்ட்ராக்டருக்கு எத்தனை தளம் இருந்தாலும் பி.எஃப். குறியீட்டு எண் ஒன்றே. செலானில் மொத்தத் தொகையும் தலை எண்ணிக்கையும் இருக்கும். எந்தக் கட்டடத்து ஆட்கள் என்று இருக்காது. பெயரும் யு.ஏ.என். எண்ணும் அடங்கிய ஈ.சி.ஆர். பட்டியலைக் கேட்டிருந்தால் முதல் மாதமே அகப்பட்டிருக்கும். நிர்வாகத்தின் கணக்குப் பிரிவு அதைக் கேட்கவே இல்லை.

இதைவிட முக்கியமானது கொட்டேஷன். பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் அது மேசைக்கு வந்தது. ஆளுக்கு மாதம் எல்லாம் உட்பட ₹11,400 என்று காண்ட்ராக்டர் எழுதியிருந்தார். அதில் கையில் கொடுத்தது ₹8,625 போக மீதி ₹2,775. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.க்குக் கட்ட வேண்டியதோ ₹2,800. சூப்பர்வைசர் சம்பளம், போனஸ், அவருடைய லாபம் எதையும் சேர்க்காமலே ₹25 துண்டு விழுகிறது.

அந்த வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியை வைத்துப் பார்த்தால் இன்னும் மோசம். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் ஏறத்தாழ ₹11,700 வர வேண்டும் என்று சங்கம் கணக்கிட்டது. அதன்மேல் பி.எஃப். முதலாளி பங்கும் கட்டணங்களும் 13 விழுக்காடு, ஈ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு, போனஸ் 8.33 விழுக்காடு சேர்த்தால் ஆளுக்கு ₹14,500-க்கு மேல் போகும். அதாவது ₹11,400 என்று கையெழுத்தான அன்றே இந்த ஒப்பந்தத்தைச் சட்டப்படி நிறைவேற்ற வழியில்லை. நிர்வாகத்துக்கு மாதம் ₹70,000-க்கு மேல் மிச்சம். அந்த மிச்சம் 23 பெண்களின் சம்பளத்திலிருந்தும் வைப்பு நிதியிலிருந்தும் வந்தது. காண்ட்ராக்டர் ஏமாற்றினார் என்பது உண்மை. ஏமாற்றாமல் நடத்த முடியாத விலைக்கு நிர்வாகம் வேலையை விட்டது என்பதும் அதே அளவு உண்மை. இந்த நிகழ்வில் எடுத்த எல்லா முடிவுகளும் இந்தப் புரிதலிலிருந்து வந்தவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, யாரைப் பிடிப்பது? காண்ட்ராக்டருக்கு வாடகை அறை ஒன்றும் இரண்டு கணினியும்தான் சொத்து. அவர்மேல் மட்டும் வழக்குப் போட்டால் கடையைச் சாத்திவிட்டு வேறு பெயரில் திறப்பார். பணம் இருக்கும் இடம் வளாக நிர்வாகம். அன்றைய சட்டமும் அங்கேதான் கைகாட்டியது. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948, 40-ஆம் பிரிவு: ஒப்பந்த ஆட்களின் சந்தாவையும் முதன்மை முதலாளியே (யாருடைய இடத்தில் வேலை நடக்கிறதோ அவர்; இங்கே வளாக நிர்வாகம்) முதலில் கட்ட வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். பி.எஃப். திட்டத்தின் 30-ஆம் பத்தியும் அதே பொறுப்பை முதன்மை முதலாளிமேல் வைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970, 21(4): காண்ட்ராக்டர் கூலியைக் குறைத்துக் கொடுத்தால் மீதியை முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும்.

நிர்வாகம் இரண்டு மாத பில் தொகையைக் காண்ட்ராக்டருக்கு இன்னும் விடுவிக்காமல் வைத்திருந்தது. அது தெரிந்ததும் வரிசை தீர்மானமானது: முதலில் நிர்வாகத்துக்குப் பதினைந்து நாள் அவகாசத்தோடு கடிதம், பிறகுதான் அலுவலகங்களுக்குப் புகார். நேரே புகாருக்குப் போயிருந்தால் நோட்டீஸ் வருவதற்குள் அந்த பில் தொகை கைமாறியிருக்கும்.

அக்டோபர் முதல் வாரத்தில் போன கடிதத்தில் மூன்று கோரிக்கைகள்: பில்லை நிறுத்தி வைத்து அதிலிருந்து நிலுவையைக் கட்டுவது, நிலுவை தீரும்வரை ஒப்பந்தத்தை முறிக்காமல் இருப்பது, காண்ட்ராக்டர் மாறினாலும் இதே 23 பேரை வைத்துக்கொள்வது. இரண்டாவது கோரிக்கை விசித்திரமாகத் தோன்றலாம். இப்படிப்பட்ட புகார்களில் நிர்வாகம் முதலில் செய்வது காண்ட்ராக்டரை விரட்டிவிட்டு, எங்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை என்று கையைக் கழுவுவது. அப்போது பெண்களுக்கு வேலையும் போகும், நிலுவையும் போகும். சம்பளத்தில் பிடித்த தொழிலாளி பங்கைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி என்று அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு விளக்கம் சொன்னதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். நகல் காண்ட்ராக்டருக்கும் போனது.

இரண்டாவது கேள்வி, யார் பெயரில் போவது? பயம் நியாயமானது. கணவர் இல்லாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் அதில் ஐந்து பேர். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. புகார்களைச் சங்கத்தின் பெயரில் கொடுத்துவிடலாம், தனிப்பட்ட கையெழுத்து தேவையில்லை. குறைந்தபட்சக் கூலி மனுவுக்குத்தான் பெயர் வேண்டும். கையெழுத்திட வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று முடிவானது. 14 பேர் கையெழுத்திட்டார்கள், ஒன்பது பேர் விலகி நின்றார்கள்.

மூன்றாவது, காலக்கெடு. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948, 20-ஆம் பிரிவின்படி கூலி தர வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அந்த வாதத்திலேயே ஓராண்டு போகும். ஒவ்வொரு மாதம் கழியும்போதும் பின்னால் ஒரு மாதக் கூலி உரிமை உதிர்கிறது. அதனால் நவம்பரில், மே முதல் அக்டோபர் வரை ஆறு மாதத்துக்கு மட்டும், ஆளுக்கு மாதம் ₹1,700 வீதம் ₹10,200 கேட்டு மனு போடப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மனுவின் முதல் பத்தியிலேயே வைக்கப்பட்டது.

சான்றுகளாக வைத்தவை: பதிவுகள் அச்சிட்ட வங்கி பாஸ்புக், அடையாள அட்டை நகல், சுவரில் ஒட்டிய டியூட்டி அட்டவணையின் செல்போன் படங்கள். பெண்களில் ஒருவர் பள்ளி நோட்டு ஒன்றில் தினமும் யார் எந்த மாடி என்று எழுதி வைத்திருந்தார். நீலப் பேனாவில் தேதி, சிவப்புப் பேனாவில் வராதவர் பெயர். வருகைக் கருவியின் பதிவைத் தாக்கல் செய்யும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிடக் கோரியபோது, அந்த நோட்டும் கருவிப் பதிவும் ஒத்துப்போனது மனுவுக்குப் பெரிய பலம்.

நான்காவது, கடன். தண்டலை உடனே அடைத்துவிட வேண்டும் என்று குடும்பம் துடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லப்பட்டது. தண்டலில் வட்டி முன்னாலேயே பிடிக்கப்பட்டுவிடுவதால் சீக்கிரம் அடைத்தால் தள்ளுபடி கிடையாது. ஆபத்து வேறு இடத்தில்: கட்ட முடியாத வாரத்தில், பழையதை அடைக்கப் புதுத் தண்டல் எழுதுவது. அதைத் தடுப்பதே இலக்கு என்று, மகளிர் சுய உதவிக் குழுவின் உள்கடனாக ₹12,000 மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் எடுத்து, நாள் தவணைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. மூன்றாவது தண்டல் எழுதப்படவில்லை. தனிமனிதர் அளவில் இந்த நிகழ்வில் முழுமையாகப் பலித்த முடிவு இது ஒன்றுதான்.

ஐந்தாவது, நோய்க்கால உதவித்தொகை. கணினி தகுதி இல்லை என்றாலும் எழுத்து மூலம் விண்ணப்பிக்க முடிவானது. அன்றைய ஈ.எஸ்.ஐ. மத்திய விதிகள் கேட்டது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட வேண்டியதாக இருந்ததா என்பதை; கட்டி முடிக்கப்பட்டதா என்பதை அல்ல. முதலாளி கட்டாமல் விட்டால் அதன் இழப்பு தொழிலாளிமேல் விழக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 68-ஆம் பிரிவு அந்தத் தொகையை முதலாளியிடம் வசூலிக்க ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் தந்தது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் திரையைத்தான் பார்க்கிறார், விதியைப் பார்ப்பதில்லை. எனவே கிளை அலுவலகத்தில் கவுன்ட்டரைத் தவிர்த்து, மேலாளருக்கு விதியைக் குறிப்பிட்டு மனு, நர்சிங் ஹோம் சான்றை மாற்றுச் சான்றாக ஏற்கக் கோரும் கடிதத்தோடு கொடுக்கப்பட்டது.

அடுத்து நடந்தவை

நிர்வாகம் மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதியது: பொறுப்பு காண்ட்ராக்டருடையது. ஆனால் பில் தொகையை விடுவிக்கவில்லை, ஒப்பந்தத்தையும் அப்போது முறிக்கவில்லை. நவம்பரில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. அலுவலகங்கள் இரண்டுக்கும் புகார் போனது. ஈ.எஸ்.ஐ. ஆய்வாளர் டிசம்பரில் வளாகத்துக்கு வந்து வருகைப் பதிவைப் பார்த்தார். அதன் பிறகுதான் நிர்வாகத்தின் தொனி மாறியது. 2024 ஜனவரியில் நிறுத்தி வைத்த பில்லிலிருந்தும், போதாததற்குத் தன் கணக்கிலிருந்தும் பத்து மாத நிலுவையை நிர்வாகம் கட்டியது. தாமதத்துக்கான வட்டியும் அபராதமும் தனியே விதிக்கப்பட்டன. அபராதம் தொழிலாளி கணக்குக்கு வருவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; பலர் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். இரண்டு யு.ஏ.என். இருந்தவர்களின் பணம் பழைய எண்ணில் போய் விழுந்தது. கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்துச் சரிசெய்ய மேலும் நான்கு மாதம்.

நோய்க்கால உதவித்தொகை மார்ச் மாதம் வந்தது. சராசரி நாள் கூலியில் 70 விழுக்காடு, நாளுக்கு ₹269. 42 நாளில் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாளாகப் போக 40 நாளுக்கு ₹10,760. நோய் வந்து ஏழு மாதம் கழித்து. நர்சிங் ஹோம் செலவு ₹52,000-ஐத் திரும்பக் கேட்ட மனு, பரிந்துரை இல்லாமல் வெளியே சிகிச்சை பெற்றதாகச் சொல்லி நிராகரிக்கப்பட்டது. அன்று பரிந்துரை பெற முடியாமல் போனதற்குக் காரணம் சந்தா கட்டப்படாததுதான் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொன்னபோது அந்தப் பெண் வேண்டாம் என்றார். வேலை நாளில் நீதிமன்றம் போனால் அன்றைய கூலி போகும்.

அதே மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. புதிய காண்ட்ராக்டர் 23 பேரில் 19 பேரை எடுத்தார். விடுபட்ட நால்வரில் இருவர் மனுவில் கையெழுத்திட்டவர்கள். இதற்கு முன்பே, ஜனவரியில், அந்த இருவரையும் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய வேறு தளத்துக்கு மாற்றினார்கள். ஒருவர் வேலையை விட்டார். பழிவாங்கல் என்று நிரூபிக்கத் தாளில் ஒன்றும் இல்லை.

கூலி மனு 2024 ஜூனில் சமரசத்தில் முடிந்தது. கேட்டது ₹10,200, கிடைத்தது ஆளுக்கு ₹7,000. 14 பேருக்கு ₹98,000, நிர்வாகம் கொடுத்தது. குறைந்தபட்சக் கூலியை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அன்றைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. பிடிவாதமாக நின்றிருந்தால் பத்து மடங்குவரை இழப்பீடு கேட்டிருக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போனால் எத்தனை ஆண்டு என்று சொல்ல முடியாது, அந்த வாரம் பள்ளி திறக்கிறது. பெண்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. கையெழுத்திடாத ஒன்பது பேருக்கு ஒன்றும் இல்லை.

செய்முறையில் மாற்ற வேண்டியவை

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதிக்குப் பிறகு குழுவில் யாராவது இருவர் கணக்கைப் பார்த்தால் போதும். 2023 ஜனவரி 20-இல் இதைச் செய்திருந்தால் டிசம்பர் விடுபட்டது அன்றே தெரிந்திருக்கும். மார்ச்சுக்குள் கட்ட வைத்திருந்தால் 78 நாள் கிடைத்திருக்கும். இதற்கு முன் வேலையாக, செல்போன் எண், பெயர், பழைய யு.ஏ.என். மூன்றையும் சேர்ந்த மாதமே சரிபார்க்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு இவற்றில் சிலவற்றைத் திருத்த அப்போது முதலாளியின் ஒப்புதல் தேவைப்பட்டது; புகாரில் சிக்கிய முதலாளி அதைத் தர மாட்டார்.

கூலி மனுவைக் கையெழுத்தில்லாமல் போடும் வழி தேட வேண்டும். ஆய்வாளரோ பதிவு பெற்ற சங்கத்தின் பொறுப்பாளரோ தொழிலாளிகள் சார்பில் மனு போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆய்வாளர் போட்டால் 23 பேரும் அதில் வருவார்கள். பழி விழ ஒரு தனி ஆள் இருக்க மாட்டார். அதற்கு ஆய்வாளரை இணங்கவைக்க நேரம் எடுக்கும் என்பதால் கடிதம் போன அன்றே அந்த வேலையும் தொடங்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை திருப்பி அனுப்பும்போது, அனுப்பியதை எழுத்தில் வாங்குவதோ, முடியாவிட்டால் அன்றே மேலாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புவதோ அவசியம். பின்னர் செலவைத் திரும்பக் கேட்கும்போது கேட்கப்படும் முதல் கேள்வி அது.

கொள்கையில் மாற்ற வேண்டியவை

முதலாவது விலை. ஆட்கள் வழங்கும் எந்த ஒப்பந்தத்திலும், குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ், விடுப்புக் கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குக் கீழான கொட்டேஷன் செல்லாது என்று ஆக்க வேண்டும். போட்டி அதற்கு மேலுள்ள சேவைக் கட்டணத்தில் மட்டும் நடக்கட்டும். பஞ்சப்படி ஏப்ரலில் உயரும்போது ஒப்பந்தத் தொகையும் தானாக உயர வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஆண்டு சரியாக இருந்த விலை இரண்டாம் ஆண்டில் திருட்டு விலையாகிவிடும். அரசு அலுவலகங்களும் உள்ளாட்சிகளும் தங்கள் டெண்டர்களில் இதை முதலில் செய்ய வேண்டும், துப்புரவுக்கு அதிகம் ஆள் எடுப்பவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. தொகையைக் காண்ட்ராக்டர் கைக்கே தராமல் முதன்மை முதலாளி நேரடியாகக் கட்டுவது. பொறுப்பு ஏற்கெனவே சட்டத்தில் அவர்மேல் இருக்கிறது. பணத்தின் வழியையும் அதோடு சேர்த்துவிட்டால் போதும். அதுவரை ஈ.சி.ஆர். பட்டியலில் தளக் குறியீட்டைக் கட்டாயமாக்கலாம். ஒரு தளத்துச் செலானை இன்னொரு தளத்து பில்லில் ஒட்டும் வேலை அத்தோடு நிற்கும்.

மூன்றாவது, மருத்துவமனைக் கணினி. சந்தா நின்றுபோனால் நோட்டீஸ் முதலாளிக்குப் போக வேண்டும், நோயாளி திருப்பி அனுப்பப்படக் கூடாது. முந்தைய சந்தாக் காலத்தில் ஒரு நாளாவது கட்டப்பட்டிருந்து, சம்பளம் வங்கியில் ஏறியதற்கான சான்றும் இருந்தால், தற்காலிகத் தகுதி தந்து சிகிச்சை தொடங்கலாம். செலவைப் பழைய 68-ஆம் பிரிவு காட்டிய வழியில் முதலாளியிடம் வசூலிக்கலாம். ₹52,000 கடனின் வேர் அந்த ஒரு திரையில் இருந்தது.

புதிய சட்டத் தொகுப்புகளில் ஒரு நல்ல மாற்றம் உண்டு. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 கோரிக்கை மனுவுக்கான காலத்தை மூன்று ஆண்டாக்கியிருக்கிறது. அது அன்று இருந்திருந்தால் இந்தப் பெண்கள் அந்தக் காண்ட்ராக்டரின் காலம் முழுவதற்கும் கேட்டிருக்கலாம். பணிக்கொடை, குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக எடுக்கப்படுவோருக்கு ஓராண்டிலேயே உண்டு என்றாகியிருக்கிறது. காண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருக்கும் இந்தப் பெண்களின் ஏழாண்டுச் சேவைக்கு அதில் விடை இல்லை. இன்னொரு மாற்றம் நேர்மாறானது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு 20 பேரிலிருந்து தொடங்கியது. பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 அதை 50 ஆக்கியிருக்கிறது. இந்த வளாகத்தில் துப்புரவுப் பெண்கள் 23, காவலாளிகள் 14, மொத்தம் 37. கூலிப் பாக்கிக்கு நிர்வாகத்தைப் பிடிக்க 2023-இல் உதவிய 21(4)-க்கு நிகரான ஒப்பந்தத் தொழிலாளர் அத்தியாயம் இன்று இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாது. பெரும்பாலான திருமண மண்டபம், நர்சிங் ஹோம், அடுக்குமாடிக் குடியிருப்பு எல்லாம் இதே அளவுதான். கூலிக்கான முதன்மை முதலாளி பொறுப்பை ஆள் எண்ணிக்கையிலிருந்து பிரித்து, ஒப்பந்தத்தில் ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் பொருந்தும்படி திருத்த வேண்டும்.